நடுராத்திரி நெஞ்செரிச்சல்: குறட்டையையும் விசாரியுங்கள்

நடுராத்திரி திணறி எழுந்து வாயெல்லாம் புளித்தால், பழி ராத்திரிச் சாப்பாட்டின் மேல் விழும். சில நேரம் தொண்டைதான் குற்றவாளி. பலத்த குறட்டை விடுபவருக்குத் தூக்கத்தில் மூச்சுப்பாதை அடிக்கடி அடைபடலாம்; இதுதான் தூக்க மூச்சடைப்பு. அடைபட்டாலும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் இழுப்பதை நிறுத்தாது. காற்று வராததால் நெஞ்சுக்குள் அழுத்தம் சரிகிறது; வயிற்றுக்குள் ஏறுகிறது. இரைப்பை வாயிலுள்ள சுருக்குத்தசை தளர்ந்திருந்தால் அமிலம் மேலே வந்துவிடும். தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் விழுங்குவதும் குறைவு என்பதால், வந்த அமிலம் உணவுக்குழாயிலேயே தங்கி அரிக்கும்.

பரம்பரை விஷயத்தில் குழப்பம் அதிகம். இரட்டையர் ஆய்வுகளில், எதுக்களிப்பில் ஆளுக்கு ஆள் காணும் வித்தியாசத்தில் ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம் மரபுவழி என்று தெரிந்தது. தூக்க மூச்சடைப்பிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். உங்கள் பிள்ளைக்கு வர 40 சதவீத வாய்ப்பு என்று இதைப் படிக்கக் கூடாது. பின்தள்ளிய தாடை, தடித்த கழுத்து, தொப்பை போடும் உடல்வாகு, இவைதான் வழிவழியாக வருகின்றன. தொப்பை இரண்டு நோயையும் சேர்த்தே வளர்க்கும்.

"வீட்டில் யாருக்காவது மூச்சடைப்பு உண்டா?" என்று டாக்டர் கேட்டால் "இல்லை" என்போம். யாரும் பரிசோதித்ததே இல்லை என்பதுதான் உண்மை. அப்பாவின் குறட்டை, அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிவிழுவது, இவற்றைச் சொல்லுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ பேரட் உணவுக்குழாய் மாற்றமோ (அமிலம் பட்டுப்பட்டு உணவுக்குழாயின் உட்சுவர் மாறிப்போவது) உணவுக்குழாய்ப் புற்றுநோயோ இருந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நாள்பட்ட எதுக்களிப்போடு 50 வயதைத் தாண்டிய, புகைபிடிக்கும், பருமனான ஆணுக்கு அது எண்டோஸ்கோபி வரை போகவேண்டிய தகவல்.

மூச்சடைப்புக்கு சீபேப் (மாஸ்க் வழியே காற்றை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் மெஷின்) போட்டால் பலருக்கு எதுக்களிப்பும் தணியும். சிலருக்கோ காற்று வயிற்றுக்குள் இறங்கி, காலையில் வயிறு மத்தளமாகி ஏப்பமாக வரும். அழுத்தம் அதிகமாக இருக்கலாம், மாஸ்க் கசியலாம். நீங்களாக அழுத்தத்தை மாற்றாமல் மெஷினில் பதிவான தரவோடு டாக்டரிடம் போங்கள். மூச்சை வெளிவிடும்போது அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு பெரும்பாலான மெஷின்களில் உண்டு.

தலையணையை அடுக்காதீர்கள்; இடுப்பு மடங்கி வயிறு இன்னும் நசுங்கும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்குக் கட்டை கொடுங்கள். இடப்பக்கம் சாய்ந்து படுங்கள்; சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் விடுங்கள். அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரையைப் படுக்கும்போது போட்டால் பலன் குறைவு. சாப்பாடு தூண்டிவிட்ட அமிலச் சுரப்பிகளைத்தான் அது அடக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும்.