கேடிலாக்: பேரு வந்த வழியும் போன வழியும்

அமெரிக்க கார் பத்தி பேச்சு வந்தா கேடிலாக்க ஒரே வரியில முடிச்சுடுறாங்க. பெருசா இருக்கும், பெட்ரோல் குடிக்கும், மெத்து மெத்துன்னு சீட்டு, பின்னாடி ரெக்கை, எல்விஸ் பிங்க் கலர்ல ஒண்ணு வச்சிருந்தாரு, அவ்ளோதான். இன்னும் சில பேருக்கு கேடிலாக்கோட பெரிய எஸ்யூவியான எஸ்கலேட் மட்டும்தான் தெரியும், ராப் பாடகருங்க ஓட்டுற வண்டின்னு. எனக்கு இந்த கம்பெனி மேல ரொம்ப வருஷமா ஒரு பிரியம் உண்டு, அதனாலயே இப்படி யாராவது சொன்னா மனசு கேக்க மாட்டேங்குது. ஏன்னா கேடிலாக்குக்கு பேரு வந்ததே சொகுசுனால கெடையாது. மெஷின் ஷாப்ல, அளவு சுத்தத்துல வந்த பேரு அது. பின்னாடி அந்த பேரு கெட்டுச்சே, அதுவும் அங்கதான் கெட்டுச்சு.

1902ல டெட்ராய்ட்ல ஹென்றி ஃபோர்டு தன் கம்பெனில காசு போட்டவங்களோட ஒத்துவராம வெளிய போயிட்டாரு. (இது இன்னைக்கு இருக்கிற ஃபோர்டு கம்பெனி இல்ல, அதுக்கு முன்னாடி அவர் பேர்ல இருந்த ஒண்ணு.) காசு போட்டவங்க சரி, கடைய மூடிடலாம், மெஷினையெல்லாம் வித்துட்டு கிடைச்சத எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணி, மெஷினுக்கெல்லாம் விலை மதிக்க ஹென்றி லேலண்ட்னு ஒருத்தர கூப்பிட்டாங்க. வந்தவர் மதிப்பு போட்டாரு, கூடவே ஏங்க விக்கிறீங்க, காரே பண்ணலாமேன்னு சொல்லி தன்கிட்ட இருந்த ஒத்தை சிலிண்டர் இன்ஜின காட்டினாரு. அது ஓல்ட்ஸ்மொபீலுக்காக அவர் மெருகேத்தி வச்சு, அவங்க வேணாம்னு விட்ட இன்ஜின். அப்படி பொறந்ததுதான் கேடிலாக், 1701ல டெட்ராய்ட் ஊர உண்டாக்கின பிரெஞ்சுக்காரர் பேரு.

லேலண்ட் யாருன்னு தெரிஞ்சாதான் மீதி கதை புரியும். துப்பாக்கி ஃபேக்டரில வேலை பாத்தவர், அப்புறம் பிரவுன் அண்ட் ஷார்ப்னு அளவுகருவி பண்ற கம்பெனில பழகினவர். அந்த காலத்துல கார் பண்றதுன்னா ஒவ்வொரு பார்ட்டையும் அரத்தால ராவி ராவி அந்தந்த வண்டிக்கு பொருத்துவாங்க, ஒரு வண்டியோட பார்ட் இன்னொரு வண்டில ஒக்காராது, ஏதாவது ஒடஞ்சா புதுசா ஒண்ணு பண்ணி மறுபடி ராவணும். லேலண்ட் அதுக்கு ஒத்துக்கவே மாட்டாரு. அளவு தப்பா இருந்தா அந்த பார்ட்ட தூக்கி போட்டுடணும், அவ்ளோதான் அவர் சட்டம்.

இத உலகத்துக்கு காட்டினது 1908ல, அதுவும் இங்கிலாந்துல. அங்க கேடிலாக் வித்துட்டு இருந்த ஃபிரெடெரிக் பென்னட், ராயல் ஆட்டோமொபைல் கிளப் வச்ச ஒரு டெஸ்டுக்கு வண்டிய குடுத்தாரு. ஸ்டாக்ல இருந்து மூணு வண்டிய கிளப் ஆளுங்களே எடுத்து, ப்ரூக்லாண்ட்ஸ் டிராக்குக்கு கொண்டுபோய், மூணையும் அக்கு வேற ஆணி வேறயா பிரிச்சு, எல்லாத்தையும் ஒரே குவியலா கலந்துட்டாங்க. எது எந்த வண்டியோடதுன்னு யாருக்கும் தெரியாது. அது பத்தாதுன்னு குவியல்ல இருந்து 89 பார்ட்ட எடுத்து ஓரமா வச்சுட்டு, அதுக்கு பதிலா கடை ஸ்டாக்ல இருந்து புது பார்ட் போட்டாங்க. இப்ப மாட்டுங்கன்னாங்க. மெக்கானிக் கையில ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும்தான், அரம் கெடையாது, ராவறதுங்கற பேச்சுக்கே எடமில்ல. மூணு வண்டியும் கலர் கலரா, ஒண்ணோட மட்கார்டு இன்னொண்ணுலன்னு எழுந்து நின்னுச்சு, ஸ்டார்ட் ஆச்சு, டிராக்ல 500 மைல் ஓடுச்சு. அதுக்குத்தான் டூவர் டிராஃபி குடுத்தாங்க. அமெரிக்க கார்னாலே மட்டம்னு நெனச்சிட்டு இருந்த ஐரோப்பாவுல, ஒரு அமெரிக்க கார் முதல்முறையா வாங்கின டிராஃபி. 'உலகத்துக்கே அளவுகோல்'னு கேடிலாக் பல காலம் போட்டுக்கிட்ட விளம்பர வாசகம் இங்கிருந்துதான் வந்துச்சு. இதுல ஒரு விஷயம் கவனிங்க, அந்த மூணு வண்டியும் ஒத்தை சிலிண்டர் வண்டி, விலை கம்மி ரகம். சொகுசுக்கும் அந்த டிராஃபிக்கும் சம்பந்தமே இல்ல.

1909ல ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) வாங்கிடுச்சு, ஆனா லேலண்டே நடத்தினாரு. 1912 மாடல்ல சார்லஸ் கெட்டரிங் பண்ணின எலக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்துச்சு. அதுக்கு முன்னாடி கிராங்க் ஹேண்டில கையால சுத்தணும், இன்ஜின் ஒதச்சுதுன்னா கை ஒடஞ்சிடும், அதனாலயே நெறைய பேர் பெட்ரோல் கார் பக்கமே வரல, குறிப்பா பெண்கள். ஸ்டார்ட்டருக்கும் ஒரு டூவர் டிராஃபி. அப்புறம் 1914ல வி8, அதாவது எட்டு சிலிண்டர V வடிவத்துல அடுக்கின இன்ஜின். இன்னைக்கு அமெரிக்கன் கார்னாலே வி8ன்னு சொல்றோமே, அத பெரிய எண்ணிக்கைல பண்ணி காட்டினது இவங்கதான்.

இங்க ஒரு விஷயம் சொல்லாம போக முடியல. முதல் உலகப் போர் நேரத்துல விமான இன்ஜின் பண்ற விஷயத்துல ஜிஎம்மோட தகராறாகி 1917ல லேலண்ட் வெளிய வந்து இன்னொரு கம்பெனி ஆரம்பிச்சாரு. அதுதான் லிங்கன்! அமெரிக்காவோட ரெண்டு பெரிய சொகுசு பிராண்டும் ஒரே மனுஷன் கையால வந்ததுதான். 1922ல லிங்கன் நொடிஞ்சு ஏலத்துக்கு வந்தப்ப வாங்கினது ஹென்றி ஃபோர்டு, வாங்கின சில மாசத்துலயே லேலண்ட் அங்கிருந்தும் வெளிய. படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமா இருக்கும்.

1930களோட கதைய பத்தி யாரும் அதிகமா பேசறதில்ல, எனக்கு முக்கியமா படறதே அதுதான். 1930ல வி16 எல்லாம் கொண்டு வந்தாங்க, ஆனா பொருளாதாரம் படுத்து கிடந்தப்ப அத வாங்க ஆள் இல்ல, கேடிலாக்கையே மூடிடலாமான்னு பேச்சு ஓடுது. அப்ப கறுப்பினத்தவருக்கு கேடிலாக் விக்கக்கூடாதுன்னு கம்பெனில ஒரு கொள்கை இருந்துச்சு, வெள்ளைக்காரனோட அந்தஸ்து வண்டியா இருக்கணுமாம். சர்வீஸ் பிரிவுல இருந்த நிக்கோலஸ் டிரெய்ஸ்டாட்னு ஒரு ஜெர்மன்காரர் டீலர்கள்ட்ட சுத்திப் பாத்தப்ப, சர்வீஸுக்கு வண்டி கொண்டு வர்றவங்கள்ல நெறைய பேர் கறுப்பினத்தவரா இருக்கிறத கவனிச்சாரு. டாக்டர்கள், குத்துச்சண்டை வீரர்கள், பாடகர்கள், வியாபாரிகள். கையில காசு இருக்கு, ஆனா நல்ல ஏரியால வீடு தரமாட்டான், நல்ல ஹோட்டல்ல உள்ள விடமாட்டான், ஜெயிச்சத காட்டிக்க மிச்சம் இருக்கிறது கார் ஒண்ணுதான். ஆனா அதையும் நேரா வாங்க முடியாம ஒரு வெள்ளைக்காரனுக்கு சில நூறு டாலர் குடுத்து அவன் பேர்ல வாங்கினாங்க. டிரெய்ஸ்டாட் கூப்பிடாத மீட்டிங்ல போய் நின்னு, அந்த காசு நமக்கே வரட்டும், நேராவே விப்போம்னு வாதாடி ஒத்துக்க வச்சாருன்னு மேனேஜ்மென்ட் எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் எழுதி வச்சிருக்காரு. 1934ல அவரையே கேடிலாக் தலைவர் ஆக்கினாங்க. உற்பத்தி செலவ குறைச்சது அது இதுன்னு அவர் பண்ணின வேற வேலையும் உண்டு, ஆனா இந்த பிராண்ட காப்பாத்தினதுல கறுப்பின வாடிக்கையாளர்களுக்கு பெரிய பங்கு இருக்கு. பிற்பாடு எஸ்கலேட ராப் உலகம் தூக்கி கொண்டாடினப்ப ஏதோ புதுசா நடக்குதுன்னு எழுதினாங்க. புதுசெல்லாம் இல்ல, அந்த உறவுக்கு அப்பவே எழுபது வயசு.

போருக்கு அப்புறம் வந்த காலம் எல்லாருக்கும் தெரிஞ்சது. 1948ல பி-38 போர் விமானத்த பாத்து போட்ட சின்ன ரெக்கை, 1959ல ஆள் இடுப்புக்கு மேல போயிடுச்சு. ஆனா 1949ல வந்த புது வி8தான் உண்மையான சரக்கு. அந்த இன்ஜின் போட்ட ஒரு சாதாரண கேடிலாக் கூப்ப அமெரிக்க ரேஸ்காரர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் 1950ல பிரான்ஸோட லெ மான் 24 மணி நேர ரேஸுக்கு கொண்டு போனாரு, அது பத்தாவதா முடிச்சுது. 1957 எல்டொராடோ ப்ரோம்னு ஒண்ணு, 13,074 டாலர், ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கிளவுட விட அதிகம். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் கூரை, ஆள் மாறினா தானா அட்ஜஸ்ட் ஆகுற சீட்டு, குளோவ் பாக்ஸ்ல காந்தம் வச்ச டம்ளர். ஆனா அதுல போட்ட ஏர் சஸ்பென்ஷன் காத்து எறங்கி எறங்கி தொல்லை குடுத்ததால நெறைய ஓனர்கள் அத கழட்டி சாதா காயில் ஸ்ப்ரிங் போட்டுக்கிட்டாங்க. லேலண்ட் இருந்திருந்தா அது ஃபேக்டரி வாசலையே தாண்டியிருக்காதுன்னு நான் நம்புறேன்.

சறுக்கல் ஒரே நாள்ல வரல. 1978ல கிட்டத்தட்ட மூணரை லட்சம் வண்டி வித்தாங்க, சாதனை. அதுக்கு அடுத்த பத்து வருஷத்துலதான் எல்லாம் போச்சு. எண்ணெய் விலை ஏறி, அரசாங்கம் மைலேஜ் ஏத்துன்னு சொல்ல, 1981ல வி8-6-4ன்னு ஒரு இன்ஜின், லோடு கம்மியா இருந்தா ரெண்டு இல்ல நாலு சிலிண்டர் தானா தூங்கிடும், எத்தனை சிலிண்டர் ஓடுதுன்னு டேஷ்போர்டுல நம்பராவே காட்டும். யோசனை அருமை, இன்னைக்கு எத்தனையோ வண்டில இது ஒழுங்கா வேலை செய்யுது. ஆனா அன்னைக்கு இருந்த கம்ப்யூட்டர் அந்த வேகத்துக்கு பத்தல, வண்டி குலுங்குச்சு, திணறுச்சு, கடைசில மெக்கானிக்குங்க ஒரு ஒயர கழட்டிவிட்டு எப்பவும் எட்டுலயே ஓடட்டும்னு விட்டுட்டாங்க. அடுத்த வருஷமே பெரும்பாலான மாடல்ல அத தூக்கிட்டு எச்டி4100னு அலுமினியம் பிளாக் இன்ஜின். அதுல கூலண்ட் கசிஞ்சு ஆயில்ல கலந்து உள்ள இருக்கிறத தின்னுடும்.

அதே 1982 மாடல்ல சிமரோன். ஜிஎம்மோட இன்னொரு பிராண்டான ஷெவர்லேயோட கேவலியர்ங்கற சின்ன வண்டிய எடுத்து, லெதர் சீட்டும் கேடிலாக் சின்னமும் ஒட்டி, 12,000 டாலருக்கு மேல விலை வச்சாங்க. நாலு சிலிண்டர், 88 ஹார்ஸ்பவர். பொதுவா எல்லாரும் சிமரோனாலதான் கேடிலாக் கெட்டுச்சும்பாங்க. நான் அப்படி நினைக்கல. சிமரோன் வாங்கினவங்க கம்மி, பெரும்பாலும் புது ஆளுங்க. இருபது முப்பது வருஷமா கேடிலாக்க தவிர வேற வாங்காத குடும்பங்கள விரட்டினது அந்த ரெண்டு இன்ஜின்தான். 1908ல பிரிச்சு மாட்டின பிறகும் ஓடின கம்பெனியோட வண்டி, வாரண்டி முடியுறதுக்குள்ள டோ வண்டி பின்னாடி போச்சுன்னா அந்த மனுஷன் திரும்ப வருவானா? 1989ல டொயோட்டாவோட சொகுசு பிராண்ட் லெக்ஸஸ் கதவ திறந்து வச்சப்ப நேரா அங்க போயிட்டான்.

நடுவுல அல்லான்டேன்னு ஒண்ணு பண்ணினாங்க, இத்தாலில பினின்ஃபரீனாங்கற டிசைன் கம்பெனி பாடி செஞ்சு, அத ஜம்போ ஜெட்ல ஏத்தி டெட்ராய்ட்டுக்கு கொண்டு வந்து இன்ஜின் மாட்டினாங்க. விமான செலவுலயே பாதி கனவு போச்சு. அத இதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல.

திரும்பி வந்தது 2002ல, சிடிஎஸ் மூலமா. கத்தியால வெட்டின டிசைன், பின்சக்கர டிரைவ், ஜெர்மனி நூர்பர்க்ரிங்ல ஓட்டி ஓட்டி டியூன் பண்ணின சேசிஸ். 2008ல சிடிஎஸ்-வி அதே டிராக்க 7 நிமிஷம் 59 செகண்டுல சுத்துச்சு. இப்ப இருக்கிற சிடி5-வி பிளாக்விங் 668 ஹார்ஸ்பவர் வி8, ஆறு கியர் மேனுவலோட கிடைக்கும், இன்ஜின ஒருத்தரே நின்னு கையால கோத்து தன் கையெழுத்து போட்ட தகட்ட ஒட்டி அனுப்புறாரு. ஓட்டிப் பாத்த எழுத்தாளர்கள் பிஎம்டபிள்யூ எம்5 பக்கத்துல வச்சு பேசறாங்க. ஆனா விக்கிறது என்னவோ எஸ்கலேடும் மத்த எஸ்யூவியும்தான், 80கள்ல போன பேரு முழுசா இன்னும் திரும்பல.

2026ல இருந்து கேடிலாக் ஃபார்முலா 1லயும் இருக்கு, பெரெஸும் போட்டாஸும் ஓட்டுறாங்க. இன்ஜின் இப்போதைக்கு ஃபெராரியோடது. சொந்த இன்ஜின் 2029ல வரும்னு ஜிஎம் சொல்லியிருக்கு. ரேஸ்ல கடைசியா வந்தாலும் பரவால்ல, ஆனா அந்த இன்ஜின் தேதிய மட்டும் தள்ளிப்போடாம இருக்கணும், நான் அதத்தான் பாத்துட்டு இருக்கேன்.