மோசல் ஆத்தங்கரையில நாலு நாள்

அக்டோபர் 2, 2025, வியாழன் ராத்திரி

கோகெம் வந்து சேர்ந்தாச்சு. நாளைக்கு ஜெர்மனி ஒண்ணான நாள் லீவு, பின்னாடியே சனி ஞாயிறு, விடுவோமா. கொலோன்ல ஏறி கோப்லென்ஸ்ல மாறினோம். அதுக்கப்புறம் ரைன் போயிடுது, மோசல் கூடவே வருது. ரெண்டு பக்கமும் செங்குத்தா மலை, மலை முழுக்க திராட்சை, நடுவுல ஆறு பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது. இவரு ஜன்னலை விட்டுத் தலையத் திருப்பவே இல்ல.

ஊருக்கு மேல லைட் போட்டு ஒரு கோட்டை. அடேயப்பா எவ்ளோ பழசுன்னு வாயப் பொளந்துட்டு அப்புறம் போர்டைப் படிச்சா, 1689ல பிரெஞ்சுக்காரங்க வெடி வச்சுத் தகர்த்துட்டாங்களாம், 1868ல பெர்லின் வியாபாரி ஒருத்தர் இடிபாட்டை வாங்கித் திரும்பக் கட்டினதாம். சரி, இருந்தாலும் அழகுதான்.

அக்டோபர் 3, வெள்ளி

காலு ரெண்டும் போச்சு. காலைல கோகெம்ல ட்ரெயின் ஏறின உடனே நாலு கிலோமீட்டருக்கு மேல ஒரே டனல், வெளிய வந்தா எடிகர்-எல்லர். அங்கேருந்து பிரெம் வரைக்கும் கால்மோன்ட் மலைல நடந்தோம். நடந்தோம்னா சும்மா சொல்றது, பல இடத்துல இரும்பு ஏணி, கம்பிக் கயிறு, அதைப் பிடிச்சுத் தொங்கிட்டே போகணும். ஐரோப்பாலயே ரொம்ப செங்குத்தான திராட்சைத் தோட்டம்னு இதைத்தான் சொல்றாங்க, சில இடத்துல சரிவு 65 டிகிரி. இதுல டிராக்டர் எங்க ஏறும்? ஒரே ஒரு தண்டவாளம் போட்டு அதுல குட்டியா ஒரு வண்டி பழத்தை ஏத்திட்டு உறுமிக்கிட்டே போகுது, மத்த வேலையெல்லாம் கைதான். அறுவடை நேரம் வேற. ஒரு ஆளு ஒரு கால மேலயும் ஒரு கால கீழயும் ஊனிக்கிட்டு குலையை வெட்டி வாளில போடுறாரு, எனக்குப் பார்க்கவே அடிவயித்தைக் கலக்குது.

காலடியில பூரா கருப்பா தட்டை தட்டையா கல்லு, ஷீஃபர்னு சொல்றாங்க. நம்ம காலத்து சிலேட்டு இருக்குல்ல, அதே கல்லுதான். வெயில் பட்ட இடத்துல ஒண்ணை எடுத்தேன், இட்லித் தட்டு மாதிரி சூடா இருந்துச்சு. பகல்ல வாங்கின சூட்டை ராத்திரி செடிக்குக் குடுக்குமாம், அதனாலதான் இவ்ளோ வடக்க, இந்தக் குளிர்ல ரீஸ்லிங்ங்கற வெள்ளைத் திராட்சை பழுக்குது. மேலேருந்து பார்த்தா ஆறு அப்படியே யூ டர்ன் அடிக்குது, எதிர்க்கரையில ஒரு பாழடைஞ்ச மடம். அங்கயே உக்காந்து கட்டிட்டுப் போன புளியோதரையைச் சாப்பிட்டோம்.

சாயங்காலம் ஒரு சின்னத் தோட்டக்காரங்க வீட்டுல டேஸ்டிங். அறுபது வயசு அம்மா ஒருத்தங்க ஊத்துறாங்க. ஆபீஸ்ல ஒரு ஆளு ஸ்வீட் ஒயின்லாம் ஒண்ணும் தெரியாதவங்க குடிக்கிறதுன்னு சொல்லி வச்சிருந்தான், அதனால நான் பெரிய இவ மாதிரி ட்ரோக்கன், அதாவது இனிப்பில்லாதது மட்டும் போதும்னேன். அந்தம்மா ஒண்ணும் சொல்லல, ஊத்தினாங்க. நாரத்தங்காயைக் கடிச்ச மாதிரி சுள்ளுன்னு இருந்துச்சு. நல்லாருக்குன்னு தலையாட்டினேன். மூஞ்சி காட்டிக் குடுத்துருச்சு போல, சிரிச்சுக்கிட்டே அடுத்த கிளாஸ்ல கேட்காமலே கபினெட்னு ஒரு லேசான ஒயின் ஊத்தினாங்க.

அம்மாடி. இனிப்பு இருக்கு, ஆனா திகட்டல, பின்னாடியே புளிப்பு வந்து இழுத்துப் பிடிக்குது. புளிக்குழம்பு இறக்கும்போது ஒரு துண்டு வெல்லம் போடுவோமே, அந்தக் கணக்கு. ஈஸ்ட்டு சர்க்கரையைத் தின்னுதான் ஆல்கஹால் ஆக்குது, முழுசாத் தின்ன விட்டா ட்ரோக்கன், பாதில நிறுத்திட்டா சர்க்கரை மிஞ்சும், ஆல்கஹாலும் கம்மின்னு சொன்னாங்க. பாட்டில்ல பார்த்தேன், இது எட்டரை சதவீதம், முன்னாடி குடிச்சது பன்னெண்டு. துப்புறதுக்கு ஒரு ஜாடி வச்சிருந்தாங்க, எனக்கு மனசு வரல. இவரு குடிக்க மாட்டாரு, அவருக்குத் தோட்டத்துத் திராட்சை ஜூஸ், அதையே மூணு கிளாஸ் வாங்கிக் குடிச்சாரு.

அக்டோபர் 4, சனி

இன்னிக்கு போட். ட்ராபன்-ட்ரார்பாக்ல ஏறி பெர்ன்காஸ்டல் வரைக்கும். யூர்ட்சிக் தாண்டினதும் தலைக்கு மேல 158 மீட்டர் உயரத்துல ஒரு பாலம், 2019ல திறந்தது. கட்டும்போது ஒயின்காரங்க நிறைய பேரு சண்டை போட்டாங்க. கீழேருந்து பார்த்தா நியாயம்தான்னு தோணுது, அந்த மலைக்கு அது கொஞ்சங்கூட ஒட்டல. செல்ட்டிங்கன்ல லாக்குக்குள்ள போட்டை நிறுத்தித் தண்ணிய ஏத்தி மேல தூக்குறாங்க, எல்லாரும் போனைத் தூக்கிட்டாங்க. வேலென்ல தோட்டத்துக்கு நடுப்பாறைல பெரிய சூரியக் கடிகாரம், 1842ல வச்சது. எங்க ஃபோனோட ஒத்துப் பார்த்தோம், ஒரு மணி நேரத்துக்கு மேல வித்தியாசம். கோடைக்கால நேரத்துக்காக இவங்க தள்ளி வச்சா சூரியன் கேக்குமா.

பெர்ன்காஸ்டல்ல கூட்டம் தாங்கல. அதனால பாலம் தாண்டி கூஸ் பக்கம் போயிட்டோம். அங்க 1458ல தொடங்கின ஒரு ஆசிரமம், இங்க பொறந்து கார்டினலான நிக்கோலஸ் குசானுஸ் ஏற்படுத்தினது. ஏசு வாழ்ந்தது 33 வருஷம்னு முதியவங்க 33 பேருக்கு இடம். இன்னும் முதியோர் இல்லமா நடக்குது, சொந்தத் தோட்டத்து ஒயின் வருமானமும் உண்டு. அவரோட உடம்பு ரோம்ல, இதயம் மட்டும் இங்க சேப்பல்ல புதைச்சிருக்கு. அங்க நிக்கும்போது இவரு ஒரு வார்த்தை பேசல.

ராத்திரி ஒரு ஸ்ட்ராஸ்விர்ட்ஷாஃப்ட். தோட்டக்காரங்க வீட்டு முத்தத்துலயே கடை போடுறது, வருஷத்துல நாலு மாசம்தான், 40 சீட்டுக்கு மேல கூடாது, சொந்த ஒயின்தான் விக்கணும். பன்னிக்கறி இல்லாம வெங்காயக் கேக் கிடைக்குமான்னு கேட்டு அலைஞ்சு கடைசில மெல்லிசா பீட்சா மாதிரி இருக்கற சீஸ் ஃப்ளாம்குகென்ல முடிஞ்சுது. கூட ஃபெடர்வைஸர், அதாவது இன்னும் நொதிச்சுட்டே இருக்கற புது ஒயின், கலங்கலா மோர் மாதிரி. வீட்டுக்கும் ஒரு பாட்டில் வாங்கினேன். நேரா நிக்க வைங்கன்னு ரெண்டு தடவை சொன்னாங்க.

அக்டோபர் 5, ஞாயிறு

நேரா நிக்க வைக்கல.

கேஸ் போகணும்னு மூடியை இறுக்காமத்தான் விக்கிறாங்க, அது தெரிஞ்சும் அவசரத்துல பைக்குள்ள படுக்கப் போட்டேன். ஆண்டர்னாக் தாண்டும்போது தோசை மாவு பொங்கி வழிஞ்ச வாசனை, திரும்பிப் பார்த்தா சீட்டுக்கு அடில ஓடுது. என் ஸ்வெட்டர், இவரோட சார்ஜர், எல்லாம் பிசுபிசு. எதிர் சீட்டுப் பாட்டி மூக்கை உறிஞ்சி "ஃபெடர்வைஸர்?"னு கேட்டுட்டு ஒரு டிஷ்யூ பாக்கெட்டை நீட்டினாங்க. இவரு நான் சொல்லலையான்னு ஒரு பார்வை, அவ்ளோதான்.

பாதி பாட்டில் மிச்சம். இப்ப கிச்சன் சிங்க்ல நேரா நிக்குது, உஸ்ஸு உஸ்ஸுன்னு இன்னும் சத்தம் வருது.