தொங்கல் கணக்கில் தொடங்கிய பாடம்

எங்கள் காலத்து உயர்தர வர்த்தகப் பிரிவில் வணிக ஒழுக்கம் என்று தனியாக ஒரு பாடம் இருக்கவில்லை. கணக்கீடு, பொருளியல், வர்த்தகம் என்று போகும். ஆனாலும் தொழிலில் நேர்மை என்பது என்ன, அது எந்த இடத்தில் கைநழுவிப் போகிறது என்பதை நான் முதன்முதலில் கேட்டறிந்தது எங்கள் கணக்கீட்டு ஆசிரியரின் வகுப்பில்தான். சேர் எந்தப் பயிற்சியைத் திருத்தினாலும் ஒரு பதிவின் மேல் விரலை வைத்து, "இதுக்கு மூல ஆவணம் எங்க?" என்று கேட்பார். விடை சரியாக இருந்தாலும் கேட்பார். சொத்தையும் பொறுப்பையும் காட்டும் ஐந்தொகை சமப்பட்டதும் பேனையை மூடிவிடுகிற வயது எங்களுக்கு. "சமப்பட்டால் கூட்டல் சரி எண்டுதான் கருத்து. உண்மையில நடந்தது அதுதானோ எண்டு ஐந்தொகை சொல்லாது" என்பார்.

1995இன் தொடக்கத்தில் வழுத்திருத்தமும் தொங்கல் கணக்கும் படித்துக்கொண்டிருந்தோம். பரீட்சை மீதியில் பற்றும் வரவும் பொருந்தாவிட்டால் வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் போட்டுவைத்து, பிழைகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, கடைசியில் அந்தக் கணக்கை மூடவேண்டும். அந்த நாட்களில்தான் 1762இல் தொடங்கப்பட்ட லண்டனின் பாரிங்ஸ் வங்கி விழுந்த செய்தி வந்தது. சில வாரங்களில் விபரங்களும் வெளிவந்தன. சேர் பத்திரிகையை மடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, கரும்பலகையில் 88888 என்று எழுதினார். சிங்கப்பூர்க் கிளையில் வர்த்தகம் செய்த நிக் லீசன் என்ற 28 வயது இளைஞர் நட்டங்களை ஒளித்துவைத்த கணக்கின் இலக்கம் அது. சில்லறைப் பிழைகளைப் போட்டுவைக்கவென்று 1992இல் திறந்த கணக்கு.

சேர் பலகையில் இரண்டு பெட்டிகள் கீறினார். ஒன்றில் 'வாங்கி விற்பவர்', மற்றதில் 'பதிந்து தீர்ப்பவர்' என்று எழுதி, நடுவில் ஒரு கோடு இழுத்தார். பிறகு அந்தக் கோட்டை உள்ளங்கையால் அழித்துவிட்டு எங்களைப் பார்த்தார். பின் வாங்கில் இருந்த ஒருவன், "சேர், அந்தக் கணக்கை ஏன் ஒருத்தரும் பாக்கேல்லை?" என்று கேட்டான். "பாக்க வேண்டிய ஆளும் அவர்தானே" என்றார் சேர்.

அந்த அழிந்த கோடு என் தொழில் முழுவதும் கூடவே வந்திருக்கிறது. பின்னாளில் பாரிங்ஸ் விசாரணையைப் பற்றி விரிவாக வாசித்தபோது இன்னும் பல தெரியவந்தன. ஒரே ஆள் இரண்டு வேலையையும் பார்ப்பது ஆபத்து என்று வங்கியின் உள்ளகக் கணக்காய்வே 1994இல் எழுதிக் கொடுத்திருக்கிறது. யாரும் பிரித்துவைக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த இலாபக் கணக்கு எல்லோருக்கும் இனித்தது. லண்டன் தலைமையகம் கேட்டபோதெல்லாம் பணம் அனுப்பியது. 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம் வந்து ஜப்பானியப் பங்குச்சந்தை சரிய, நட்டம் கட்டுக்கடங்காமல் போய் 827 மில்லியன் பவுணில் நின்றது. வங்கியை நெதர்லாந்தின் ஐஎன்ஜி நிதிக் குழுமம் 1 பவுணுக்கு வாங்கியது.

உள்ளகக் கணக்காய்வு என் தொழிலாகிப் பல காலம். வணிகம் படிக்கும் இளையவர்கள், அவர்களில் பலர் எங்கள் பழைய மாணவர் சங்கத்தவரின் பிள்ளைகள், "ஒழுக்கப் பாடத்துக்கு எதை வாசிக்கலாம்?" என்று என்னிடம் கேட்பார்கள். கேட்கும்போதே அவர்களின் குரலில் ஒரு சலிப்பு இருக்கும். பாடத்திட்டத்தின் கடைசி அலகு, பரீட்சைக்கு முதல்நாள் பாடமாக்கிவிட்டுப் போகலாம் என்ற எண்ணம். அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். ஒழுக்கத்தைக் கணக்கிலிருந்து பிரித்தெடுத்து, கடைசியில் ஒட்டிவைத்துக் கற்பிக்கிறோம். மோசடி நடப்பதோ கணக்குக்குள், ஒரு பதிவில். அந்தப் பதிவை இடச் சொல்லிப் பணிக்கப்படுவது பெரும்பாலும் தலைவர் அல்ல, கீழே இருக்கும் ஓர் உத்தியோகத்தர். நாளைக்கு அந்தக் கதிரையில் இருக்கப்போவது இந்தப் பிள்ளைகள்தான்.

அதனால் நான் முதலில் வாசிக்கச் சொல்வது வேர்ல்ட்கொம் கதையை. அமெரிக்காவின் இந்தத் தொலைத்தொடர்பு நிறுவனம் மற்ற நிறுவனங்களின் இணைப்புகளைப் பாவிப்பதற்குக் கட்டணம் கட்டிவந்தது. அது அந்தந்தக் காலத்துச் செலவு. லொறி வாங்கிய பணம் மூலதனச் செலவு, அதற்கு அடித்த எரிபொருள் வருமானச் செலவு என்று நாங்கள் முதல் தவணையிலேயே படித்த விடயம். 2001இல் வேர்ல்ட்கொம் அந்தக் கட்டணத்தின் ஒரு பகுதியைச் சொத்து என்று ஐந்தொகைக்கு மாற்றியது. செலவு குறைந்தது, இலாபம் கூடியது, இரண்டு பக்கமும் அழகாகச் சமப்பட்டது.

அதற்கும் முன்னால், 2000 ஒக்டோபரில் நடந்ததைத்தான் நான் பிள்ளைகளோடு நின்று நிதானித்துப் பார்ப்பேன். முந்திய காலத்தில் ஒதுக்கிவைத்த தொகைகளிலிருந்து 828 மில்லியன் டொலரை எடுத்துச் செலவைக் குறைத்துக் காட்டும்படி கணக்குப் பிரிவுக்குப் பணிப்பு வருகிறது. அங்கே நடுத்தரப் பதவியில் இருந்த ஒரு பெண் கணக்காளர், இது சரியில்லை என்று தயங்குகிறார். இந்த ஒருமுறை மட்டும்தான் என்று சொல்லப்படுகிறது. பதிவு இடப்படுகிறது. மனம் கேளாமல் இராஜினாமாக் கடிதமும் எழுதுகிறார். பிரதம நிதி அதிகாரி ஸ்கொட் சலிவன் சமாதானம் சொல்கிறார். குடும்பத்தின் வருமானம் பெரும்பாலும் தன் சம்பளம் என்ற நிலையில் அவர் தங்கிவிடுகிறார். அடுத்த காலாண்டும் தொகை இடிக்கிறது, இன்னொரு பதிவு. இடையில் பதவி உயர்வும் வருகிறது. 2005இல் நீதிமன்றம் அவருக்கு 5 மாதச் சிறையும் 5 மாத வீட்டுக்காவலும் விதித்தது.

அவர் ஒரு சதம்கூடத் தன் பைக்குள் போட்டதாகக் குற்றச்சாட்டு இல்லை. இதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். "அப்ப அவ என்ன செய்திருக்க வேணும் அங்கிள்?" என்ற கேள்வி வரும். அந்த முதல் பதிவுக்கு எந்த ஆவணத்தைக் காட்டியிருக்க முடியும் என்று திருப்பிக் கேட்பேன். சேரின் கேள்விதான். தொலைபேசியில் வந்த பணிப்பைத் தவிர ஆதாரம் இல்லாத ஒரு தொகை, எவ்வளவு பெரிய அதிகாரி சொன்னாலும் பேரேட்டுக்குள் போகக்கூடாது. "இதை எழுத்தில் தாருங்கள்" என்று கேட்கும் பழக்கம், அது கேட்க இலகுவாக இருக்கும் சின்னத் தொகைகளிலேயே வரவேண்டும்.

அதே நிறுவனத்தில்தான் சிந்தியா கூப்பரும் இருந்தார், உள்ளகக் கணக்காய்வின் தலைவராக. 2002இல் அவரும் அவரது குழுவினரும் வேலைநேரம் முடிந்து மற்றவர்கள் போனபின் இரவில் இருந்து பதிவுகளைத் தோண்டி, ஆதாரமற்ற தொகைகளைக் கண்டுபிடித்துப் பணிப்பாளர் சபையின் கணக்காய்வுக் குழுவிடம் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு ஜூனில் மோசடித் தொகை 3.8 பில்லியன் டொலர் என்று அறிவிக்கப்பட்டது, பின்னர் ஏறத்தாழ 11 பில்லியனாக வளர்ந்தது. தலைவர் பேர்னார்ட் எபர்ஸுக்கு 25 ஆண்டு. கூப்பர் 2008இல் எழுதிய 'எக்ஸ்ட்ராஓர்டினரி சேர்கம்ஸ்டன்சஸ்' என்ற நூலைக் கணக்கீடு படிக்கும் ஒவ்வொருவரும் வாசிக்கவேண்டும் என்று விரும்புகிறேன். கண்டுபிடித்தவருக்கு அந்த நாட்களில் பாராட்டுவிழா நடக்கவில்லை. பயமும் தனிமையும்தான் இருந்தன. அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

2001இல் வீழ்ந்த அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரோனைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள், நான் நீட்டவில்லை. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். அவர்களிடம் 64 பக்க ஒழுக்கக்கோவை இருந்தது. நிதி அதிகாரி அன்ட்ரூ ஃபாஸ்டோ, தான் நடத்தும் பங்குடைமை ஒன்றின் மூலம் தன் சொந்த நிறுவனத்துடனேயே கொடுக்கல்வாங்கல் செய்ய வந்தபோது, அந்தக் கோவையின் விதியை அவருக்காக விலக்கிவைத்தது பணிப்பாளர் சபைதான். கோவை எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தை அறிய விரும்பும் மாணவர், அங்கே விதி யாருக்காக எப்போது தளர்த்தப்பட்டது என்று தேடவேண்டும். பெத்தனி மக்லீனும் பீற்றர் எல்கைண்டும் எழுதிய 'த ஸ்மார்ட்டெஸ்ட் கைஸ் இன் த ரூம்' அதற்கு நல்ல நூல். மக்லீன் ஒரு சஞ்சிகையின் இளம் நிருபராக இருந்து, நிறுவனம் வீழ்வதற்குப் பல மாதம் முன்பே, இவர்கள் உண்மையில் எப்படிப் பணம் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டவர்.

இனி, கணக்கில் காட்டும் சரக்கும் வங்கி மீதியும் உண்மையில் இருக்கின்றனவா என்ற கேள்வி. 1938இல் அமெரிக்காவின் மக்கெசன் அன்ட் ரொபின்ஸ் என்ற மருந்து நிறுவனத்தின் கணக்கில், இல்லாத களஞ்சியங்களில் இல்லாத சரக்கு இருப்பாகக் கிடந்தது தெரியவந்தது. கணக்காய்வாளர் சரக்கை நேரே போய்ப் பார்க்கவேண்டும், கடன்பட்டோரிடம் நேரே எழுதிக் கேட்கவேண்டும் என்ற நடைமுறை அதன் பின்னரே கட்டாயமானது. இவ்வளவு பழைய பாடம். ஆனால் 2009 ஜனவரி 7ஆம் திகதி, இந்தியாவின் சத்யம் என்ற கணினி மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் இராமலிங்க ராஜு பணிப்பாளர் சபைக்கு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய காசிலும் வங்கி மீதியிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். புலிமேல் ஏறியவன் இறங்கும் வழி தெரியாமல் இருந்த கதை என்று தன் நிலையை அவரே எழுதினார். சில மாதங்களுக்கு முன்புதான் நல்லாட்சிக்கான விருது ஒன்றை அந்த நிறுவனம் பெற்றிருந்தது. வங்கிகளுக்குப் போகவேண்டிய உறுதிப்படுத்தல் கடிதங்களைக் கணக்காய்வாளர்கள் தாங்களே கையாளாமல், நிறுவனத்திடமே விட்டிருந்ததாக அமெரிக்க ஒழுங்குபடுத்துநர்கள் பின்னர் கண்டார்கள். 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்ட் என்ற மின்னணுக் கொடுப்பனவு நிறுவனம். பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகச் சொன்ன 1.9 பில்லியன் யூரோ அங்கே இல்லை. சத்யம் கடிதம் இணையத்தில் கிடைக்கிறது. சிறியது. வாசித்துப் பாருங்கள்: தொடக்கத்தில் உண்மை இலாபத்துக்கும் காட்டிய இலாபத்துக்கும் இடையே இருந்தது சிறிய இடைவெளிதான் என்று அவர் சொல்லும் இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனக்கிறது.

இளையவர்களுக்கு இன்னொன்று: ஜோன் கரிரூ எழுதிய 'பாட் ப்ளட்'. இரத்தப் பரிசோதனை நிறுவனமான தெரானோஸின் கதை. பல்கலைக்கழகம் முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்த இருவர், சோதனை முடிவுகள் பிழை என்று கண்டு வாய்திறந்தார்கள். அவர்களில் ஒருவரின் பாட்டனாரே பணிப்பாளர் சபையில் இருந்த முன்னாள் அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் ஜோர்ஜ் ஷுல்ட்ஸ். அவர் முதலில் பேரனை நம்பவில்லை. குடும்ப மேசையில் நடந்த அந்தப் போராட்டத்தை எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

கோட்பாடு வேண்டுமென்றால் அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸி. கையாடல் செய்து சிறையில் இருந்தவர்களைச் சந்தித்துப் பேசி 1953இல் 'அதர் பீப்பிள்ஸ் மணி' என்ற நூலை எழுதினார். வெளியே சொல்ல முடியாத பணநெருக்கடி, பிடிபடாமல் எடுக்க ஒரு வழி, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஒரு சமாதானம். பின்னாளில் மோசடி முக்கோணம் என்று பெயர் பெற்றது இதுதான். 'கடனாகத்தான் எடுத்தேன், திருப்பி வைத்துவிடுவேன்' என்பதே அவர் கேட்ட சமாதானங்களில் முக்கியமானது. பிறர் பொருளையும் தமதுபோல் பேணுவதே வாணிகம் என்று குறளின் 120ஆம் பாட்டு சொல்வதைப் பக்கத்தில் வைத்து இதை வாசிக்கவேண்டும்.

பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மனின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையையும் முழுதாக வாசிக்கச் சொல்வேன். இலாபமே நிறுவனத்தின் பொறுப்பு என்ற வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏமாற்றும் மோசடியும் இல்லாமல் என்று அவரே போட்ட எல்லை விடுபட்டுப்போகிறது. அடம் சிமித்தின் ஒழுக்க உணர்ச்சிகள் பற்றிய 1759ஆம் ஆண்டு நூல் கடினமானது. அவசரமில்லை, வேலைக்குப் போய்ச் சில ஆண்டுகள் கழித்து வாசித்தால் நன்றாகப் பிடிபடும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். எங்கள் பாடசாலை வர்த்தக மாணவருக்கு நாம் நடத்தும் இணையவழிக் கருத்தரங்குகளில் எந்தப் பட்டம், எந்தத் தொழில் என்றுதான் அதிகம் பேசுகிறோம். அதில் ஓர் அமர்வை ஒதுக்குங்கள். எங்களில் கணக்காளர்கள், வங்கியாளர்கள், கணக்காய்வாளர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வழக்கை எடுத்து, அந்த நாளேட்டுப் பதிவைத் திரையில் போட்டு, பணிப்பு வந்த உத்தியோகத்தரின் இடத்தில் மாணவரை இருத்திப் பேசவைக்கலாம். முதல் அமர்வை நான் எடுக்கிறேன், வேர்ல்ட்கொம்மின் அந்த 828 மில்லியனோடு. மேலே சொன்ன நூல்களைப் பாடசாலை நூலகத்துக்கு வாங்கி அனுப்பும் செலவும் என்னுடையது. பொறுப்பெடுக்கும் ஆசிரியரின் பெயரைச் செயலாளர் அறியத்தந்தால் போதும்.