வலம்புரி, இடம்புரி: ஷிர்தாக் ஓரக்கயிறு ஒருவழியாக வந்தது

கிர்கிஸ் மக்களின் கம்பளி விரிப்பான ஷிர்தாக்குக்கு நான் மூன்று முறை பிரித்துப் போட்ட ஓரக்கயிறு நேற்று மாலை ஒழுங்காக உட்கார்ந்துவிட்டது. இடம் கிர்கிஸ்தானின் சோங்கோல் ஏரிக்கரை, 3016 மீட்டர் உயரம். ஆடும் குதிரையும் மேய்க்கும் ஒரு குடும்பத்தின் போஸ் உய் கூடாரத்தில் எனக்கு இது ஒன்பதாம் நாள். சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஆட்டு ரோமத்தை நெய்யாமல் நனைத்து அழுத்தி ஃபெல்ட் அடிப்பது, இரண்டு நிறத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே வெட்டில் அறுப்பது, வெட்டிய பூக்களை நிறம் மாற்றிப் பொருத்துவது எல்லாம் கம்பளி வேலை செய்யும் நம் ஆட்களுக்குத் தெரிந்ததுதான். நேராக ஜேக் எனப்படும் அந்த ஓரக்கயிற்றுக்கு வருகிறேன். இரண்டு நிறமும் சேரும் தையலை மூடுகிற இரட்டைக் கயிறு அது. ஒன்று வலம்புரி, மற்றது இடம்புரி. இரண்டையும் ஒட்டி வைத்துத் தைத்தால் பின்னிய சடை போலத் தெரிய வேண்டும். எனக்கோ மூன்று முறையும் ஒரு கயிறு அழகாகப் படுத்தது, மற்றது கம்பி போல விறைத்துக்கொண்டு, தைக்கத் தைக்கச் சுருண்டு ஃபெல்ட்டையே இழுத்துச் சுருக்கியது.

ஊசியை மாற்றினேன், தையலை நெருக்கினேன். கோளாறு அங்கே இல்லை, நூற்பில் இருந்தது. எல்லா இழையையும் வழக்கம்போல ஒரே பக்கமாக நூற்றுவிட்டு, இரண்டிரண்டாகச் சேர்த்து முறுக்கும்போது மட்டும் பாதியை மறுபக்கம் திருப்பியிருந்தேன். இழை நூற்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் முறுக்கினால்தான் கயிறு அமைதியாகும். நூற்ற பக்கமே முறுக்கினால் முறுக்கின்மேல் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். ஆக, இடம்புரி வேண்டுமென்றால் அதற்கான இழையைக் கையால் நூற்கும் கதிரான தக்ளியில் முதலிலிருந்தே தனியாக நூற்க வேண்டும்.

இந்தக் கோளாறைக் கண்டுபிடித்தவர் வீட்டின் பெரியவர். எல்லோரும் அவரை 'அபா' என்கிறார்கள். கிர்கிஸில் அது அம்மா. (நம் காதுக்கு முதல் இரண்டு நாள் குழப்பம்தான்.) என் கயிற்றை வாங்கி நடுவில் மடித்துத் தொங்கவிட்டார். அது தானாகச் சுழன்று முறுக்கிக்கொண்டது. ஒன்றும் சொல்லாமல் தக்ளியை எடுத்துத் தொடையில் எதிர்ப்பக்கமாக உருட்டிக் காட்டினார். அவ்வளவுதான் பாடம்.

60 சென்டிமீட்டர் சதுரம், நடுவில் ஒரே ஒரு ஆட்டுக்கொம்பு, சுற்றிலும் ஒரு கரை. இந்தச் சின்ன விரிப்புக்கே தையல் 11 மீட்டர் வந்தது, அதாவது கயிறு 22 மீட்டர். இடம்புரிப் பாதியை மறுபடி நூற்க இரண்டு மாலைகள் போயின. முறுக்கியதைச் சுடுநீரில் நனைத்து, நுனியில் கல்லைக் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிட்டேன். தைக்கும்போது ஊசி புரிகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் இறங்கினால் தையல் மறைந்துவிடும். இரண்டு கயிறையும் சேர்த்தே தைத்துக்கொண்டு போங்கள். ஒன்றை முழுதாக முடித்துவிட்டு மற்றதற்கு வந்தால் சடை பொருந்தாது, அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சாயம் பற்றி ஒரு எச்சரிக்கை. பஜாரில் ஒரு கடையில் வாங்கிய சிவப்புப் பொடி மூன்றாவது அலசலிலும் வழிந்து வெள்ளையைக் கெடுத்தது. பிறகு வந்த வழியில் கொச்கோர் என்ற ஊரில் பெண்களிடமே சாயமேற்றிய ரோமம் வாங்கினேன். விலை கூடுதல், நிறம் அப்படியே நிற்கிறது.

நான் உட்கார்ந்து தைக்கும் இந்தக் கூடாரத்தில் ஷிர்தாக் ஒன்றே ஒன்றுதான். அபா தன் கல்யாணச் சீருக்குச் செய்தது. மற்றதெல்லாம் ஆலையில் நெய்த செயற்கை நூல் கம்பளம். ஒரு மகள் மாஸ்கோவில் வேலை பார்க்கிறார், இன்னொருவர் பிஷ்கெக்கில். இருவரும் இதைக் கற்கவில்லை. குளிர்காலம் முழுக்கக் குனிந்து தைத்து ஒன்றை முடிப்பதற்குள் கடையில் பத்து கம்பளம் வாங்கிவிடலாம் என்று பேத்தி சொன்னாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. யுனெஸ்கோ 2012-இல் ஷிர்தாக்கையும், நிற ரோமத்தையே பதித்து உருட்டிச் செய்யும் அலா-கியிஸ் விரிப்பையும் உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இந்த வீட்டில் அது அபாவின் தொடையில் உருளும் தக்ளியோடு நிற்கிறது என்பதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அடுத்து அலா-கியிஸ் செய்ய ஆசை. ஃபெல்ட்டுக்கு இலையுதிர்காலத்தில் கத்தரிக்கும் ரோமம்தான் நன்றாகப் பிடிக்கும், அதனால் செப்டம்பர் வரை பொறுக்க வேண்டும். ரோமத்தைச் சுற்றி உருட்டுவதற்கு, 'சீ' என்ற புல்லில் செய்த பாய் ஒன்றும் தேட வேண்டும். ரோமத்தை நனைக்கும் வெந்நீருக்கு இங்கே வறட்டிதான் எரிபொருள், சுற்றிலும் ஒரு மரம்கூடக் கிடையாது.

சரி, கையில் இருப்பதற்கு வருகிறேன். இன்னும் இரண்டு ஓரம் பாக்கி. அடி ஃபெல்ட்டோடு சேர்த்து நெருக்கித் தைக்கும் வேலையைத் தொடங்கவே இல்லை. ஷிர்தாக் என்ற பெயரே அந்தத் தையலிலிருந்து வந்ததுதான். இன்று காலை குதிரைப் பால் கறக்கப் போகும்முன் அபா என் படுக்கையருகே ஒரு கைப்பிடி ரோமம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், இடம்புரிக்கு.