கச்சான் சுருள்

"அப்பவே ஏன் அக்கா சொல்லேல்லை?"

இன்று பின்னேரம் திருகோணமலை டச் பே கடற்கரையில் இப்படிக் கேட்டது நான்தான்.

12 வயதில் சொந்தக்காரர் ஒருவர் தனக்குச் செய்ததை, 40 வருடம் கழித்து முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்லியிருந்தார் அந்த அக்கா. (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

நான் கேட்டதும் அவர் கை நின்றுவிட்டது. கச்சான் சுருளின் வாயை மடித்தார். இன்னொரு மடிப்பு. இன்னும் ஒன்று. உள்ளே பாதிக் கச்சான் அப்படியே இருந்தது.

கூட வந்த தோழி நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் நம்புறன் அக்கா. உங்களில ஒரு பிழையும் இல்லை."

அவ்வளவுதான். மேலே ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் அக்கா அழுதார்.

அப்பவே சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? குடும்ப மானம் என்று வாயை மூடியிருப்போம். இன்று இலங்கையில் பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்று அழைக்க இலக்கமாவது இருக்கிறது. ஆனாலும் ஒரு பிள்ளை முதலில் நம் முகத்தைத்தானே பார்க்கும்?

இருட்டும்வரை இருந்தோம். எழும்பும்போது, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றேன்.

சுருளைப் பிரித்து என் கையில் கொஞ்சம் கச்சான் கொட்டினார்.