மஞ்சள் பட்டியலும் சிவப்புப் பட்டியலும்

அமெரிக்காவில் ஓர் அரசு தொடக்கப்பள்ளியில் வாசிப்பு ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளைகள் நாலைந்து பேராக என் மேஜைக்கு வருவார்கள், அரைமணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டுப் போவார்கள். இந்த வேலையில் எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ரொம்பப் பின்தங்கிய பிள்ளைக்குத்தான் உதவி முதலில் போக வேண்டும், ஆனால் தேர்வு நெருங்க நெருங்க அந்தப் பிள்ளையைத்தான் முதலில் விட்டுவிடுகிறோம்.

2002இல் கையெழுத்தான ‘நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்’ சட்டம் மூன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைக்கச் சொன்னது, 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி பெற்றுவிட வேண்டும் என்றது. அது நடக்கவில்லை. 2015இல் வந்த மாற்றுச் சட்டம் கெடுபிடியைக் குறைத்தது, பிள்ளையின் முன்னேற்றத்தையும் கணக்கில் எடுக்க இடம் கொடுத்தது. ஆனால் ஆண்டுத் தேர்வு அப்படியே இருக்கிறது, எத்தனை சதவீதம் தேர்ச்சி என்ற எண்ணைத்தான் ஊரில் எல்லோரும் பார்க்கிறார்கள்.

அதனால் ஜனவரி வந்ததும் ஒரு கூட்டம் போடுவோம். பெயர்ப்பட்டியலில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் அடித்திருக்கும். மஞ்சள் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டால் தேறிவிடும் பிள்ளை. என் நேரம் அத்தனையும் அங்கே போய்விடும், சிவப்புக்கு அடுத்த வருஷம் பார்ப்போம் என்பார்கள். தலைமையாசிரியை கெட்டவர் இல்லை, பள்ளியின் பெயரே அந்த எண்ணில் தொங்கும்போது அவரும் என்ன செய்வார். ஆனாலும் இது தப்புதான்.

நாலாம் வகுப்பில் ஒரு பையன். வருஷ ஆரம்பத்தில் பாதி எழுத்துகளின் ஒலி கூடத் தெரியாது. ‘எஸ்’ஸும் ‘ஹெச்’சும் சேர்ந்தால் ‘ஷ்’ என்று மேஜை மேல் விரலால் எழுதி எழுதிப் பழகினான். வருஷம் முடிவதற்குள் இரண்டாம் வகுப்புக் கதைப்புத்தகம் ஒன்றை, நிறுத்தி நிறுத்தித்தான், ஆனால் யாரும் எடுத்துக்கொடுக்காமல் கடைசிப் பக்கம் வரை படித்தான். தேர்வுத்தாளில் வந்ததோ நாலாம் வகுப்புக்கான நீளமான பத்திகள். முடிவும் போன வருஷம் மாதிரியே, ஆகக் கீழ் நிலை. அவ்வளவு தூரம் ஏறி வந்ததற்கென்று அந்தத் தாளில் ஒரு மதிப்பெண் கூட இல்லை.

அப்புறம் பணம். பள்ளிச் செலவில் பெரும்பங்கு மாநிலத்திடமிருந்தும் உள்ளூர் சொத்து வரியிலிருந்தும் வருகிறது, அதனால் வீட்டு மதிப்பு குறைந்த பகுதிகள் மாநில உதவியைத்தான் நம்பி நிற்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வு அரசியல் சட்டத்துக்கு விரோதம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1973லேயே சொல்லிவிட்டது. ஏழைப் பிள்ளைகளுக்காக 1965இல் தொடங்கிய ‘டைட்டில் ஒன்’ நிதி இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் பலருக்குச் சம்பளமே கிடையாது. கொரோனாவுக்காக மத்திய அரசு கொடுத்த கூடுதல் பணத்துக்கு 2024 செப்டம்பரோடு கெடு முடிந்ததும் எங்கள் உதவியாளர்கள் போய்விட்டார்கள், என் மேஜையில் கூட்டம் ஏறியது, ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கும் நேரம் குறைந்தது.

வாரத்தில் இரண்டு நாளாவது சிவப்புப் பட்டியலுக்கு மட்டும் ஒதுக்குங்கள், வருஷ ஆரம்பத்தில் எங்கே இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதையும் பெற்றோருக்கு எழுதி அனுப்புவோம் என்று இந்த முறை கூட்டத்தில் கேட்டேன். கடிதத்துக்குச் சரி என்றார்கள். நாள் ஒன்றுதான் கிடைத்தது, வெள்ளிக்கிழமை. இன்னொரு நாளுக்கு விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.