புளூ ஜாகரும் பாம் ஷெல்ட்டரும்

என் மாமியாரின் ஏழுகல் தோட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், "புளூ ஜாகராக்கும்!" என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்து வைரம் என்று அர்த்தம். வெயிலில் லேசாக நீலம் அடிக்கும், அதுதான் பெருமை. 1971-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இன்று புதுத் தோடு வாங்கப் போனால், சான்றிதழில் 'ஃப்ளூரசன்ஸ்: ஸ்ட்ராங் புளூ' (புற ஊதா ஒளி பட்டால் பலமாக நீலம் ஒளிரும்) என்றிருக்கும் கல்லுக்கு விலை பெரும்பாலும் குறைவு. அன்று கூடுதல் காசு கொடுத்த அதே குணம்!

ராத்திரியில் தேள் பார்க்கப் போகும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கினேன். அலைநீளம் 365 நானோமீட்டர், முன்னால் கறுப்புக் கண்ணாடி. மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச் ஊதா வெளிச்சத்தையே கொட்டும்; கல்லின் ஒளி அதில் அமுங்கிப் போகும். இருட்டுக்கு எங்கள் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பாம் ஷெல்ட்டர், அதாவது குண்டுவீச்சுக்குப் பதுங்கும் அறை, இருக்கவே இருக்கிறது. கதவைச் சாத்தினால் காலடியில் கிடக்கும் வெங்காய மூட்டைகூடத் தெரியாது.

முதலில் பளபளத்தது என் கணவரின் வெள்ளை பனியன். சலவைத்தூளில் இருக்கும் வெண்மையூட்டியின் வேலை. அப்புறம் தோடு. 14 கற்களில் பாதி பளீரென்று நீலம், சில மங்கல், மூன்று சும்மா கிடந்தன.

வைரத்துக்குள் கார்பன் அணு இல்லாத ஒரு காலியிடத்தைச் சுற்றி மூன்று நைட்ரஜன் அணுக்கள் இருந்தால், அவை புற ஊதாவை வாங்கிக்கொண்டு நீல ஒளியாகத் திருப்பித் தரும். நூறு வைரத்தில் 25 முதல் 35 வரைதான் இப்படி ஒளிரும். அதனால் கல்லுக்குக் கல் மாறுவது நல்லதுதான். எல்லாம் ஒரே மாதிரி எரிந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஆனால் நீலம் அடிக்கும் கல் மற்ற சுரங்கங்களிலும் கிடைக்கும். ஜாகர்தான் என்று டார்ச் சாட்சி சொல்லாது. இதை நாத்தனாரிடம் நான் சொல்லப் போவதில்லை.

கெம்பு மோதிரம் செக்கச்செவேலென்று எரிந்தது. அது குரோமியத்தால். அதை வைத்து அசல் என்று நம்பிவிடாதீர்கள்: செயற்கைக் கெம்பும் சிவக்கும், ஒளியை அடக்கும் இரும்பு அதில் இல்லாததால் இன்னும் பிரகாசமாகவே.

இங்கே தேக்காவில் (லிட்டில் இந்தியா) வைரம் வாங்கினால், கல்லை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்கக் கேளுங்கள். கடையின் எல்இடி விளக்கில் அந்த நீலம் தெரியாது. மிக அதிகமாக ஒளிரும் சில கற்கள் வெயிலில் பால் விட்டதுபோல் மங்கும். அவற்றுக்கு விலை குறைவது நியாயம். மங்காத கல்லையும் அதே தள்ளுபடியில் கொடுத்தால் நான் பேரம்கூடப் பேச மாட்டேன்.